பீப்பாய்க்குக் கீழே இரண்டு கால்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஊதாச் சோளக் கஞ்சி காய்ச்ச அடுப்படிக்கு வந்த நிக்கனோரா, அடுப்பு எரிந்துகொண்டிருப்பதையும், அதன் முன்னால் தன் புருஷனுடைய வெள்ளை பூட்ஸ் இரண்டும் குளிர்காய்ந்துகொண்டிருப்பதையும் பார்த்தாள். ஒன்றை எடுத்து மோந்தாள். பீர். உள்ளே கையை விட்டாள். ஒரு பக்கம் சொதசொதவென்று ஈரம். நெருப்பைப் பார்த்திருந்த பக்கம் அப்பளம் போல மொறமொறப்பு. கையை வெளியே எடுத்தால் விரல் நுனியெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாய்க் காகிதப் பொட்டுகள்.

"செனோபியோ!"

உள்ளேயிருந்து தூக்கக் குரல் வந்தது. "என்னடி, வீடு பத்திக்கிச்சா?"

"வீடு பத்தியிருந்தா ஒரு வாளித் தண்ணியில அணைச்சிருப்பேன். இதை என்னய்யா பண்றது?"

செனோபியோ போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றான். பூட்ஸைப் பார்த்தான், மனைவியின் முகத்தைப் பார்த்தான், பிறகு கஞ்சிப் பானையைப் பார்த்தான்.

"நேத்து சாயந்திரம் ஹாஸிந்தோ வீட்டுல எங்க ஆட்ட வரிசை பூட்ஸுக்கெல்லாம் பீர் தெளிச்சாங்க. நான் மட்டும் வெறுங்கையை ஆட்டிக்கிட்டுப் போய் நிக்கணுமா?"

"தெளிச்சாங்களா, குளிப்பாட்டினாங்களா?"

"ஹாஸிந்தோவுக்குக் கொஞ்சம் தாராளமான கை."

ஒருரோ நகரத்தில் புதிதாக எதை வாங்கினாலும், அது பஸ்ஸோ பால் கிண்ணமோ, பூமித்தாய்க்குப் பங்கு கொடுக்காமல் யாரும் அனுபவிப்பதில்லை. நாலு துளி பீர், ஒரு பிடி வண்ணக் காகிதப் பொட்டு. அதை நிக்கனோராவும் விட்டுவிடவில்லை. பூட்ஸ் வந்த அன்றே முற்றத்தில் வைத்து, குதிகாலின் வெளிப்பக்கம் துளித் துளியாய்த் தெளித்து, தரையில் ஒரு வாய் ஊற்றி, முறையாகத்தான் செய்திருந்தாள். பூமித்தாய் அதை வாங்கிக்கொள்ளவில்லை என்று யார் இவனிடம் வந்து சொன்னார்கள்?

"ஒரு மாசம்யா," என்றாள். "ஒரு மாசம்."

அந்த ஒரு மாசக் கதை தெரிய வேண்டுமானால் நாலு வருஷம் பின்னால் போக வேண்டும். அப்போது செனோபியோ ஓட்டும் மினிபஸ்ஸுக்கு டயர் மாற்றுகையில் ஜாக்கி நழுவி, வண்டி அவனுடைய வலது பாதத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது. மூன்று எலும்பு நொறுங்கியது. இனி ஊன்றி நடப்பது சந்தேகம் என்று டாக்டர் சொன்ன அன்றே, அவனை ஒரு வார்த்தை கேட்காமல், நிக்கனோரா சுரங்கத்து மாதா கோயிலுக்குப் போய் நேர்ந்துகொண்டு வந்தாள். இந்த மனுஷன் பழையபடி நடந்தால், மூன்று திருவிழாவுக்கு மொரெனாதா ஆட்டம் ஆடிக்கொண்டு உன் வாசலுக்கு வருவான். அவன் நடந்தான். ஆகவே ஆட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் செனோபியோ ஒரே வரியில்தான் முடிப்பான். "நேர்ந்துக்கிட்டவ நீ, நடக்கறவன் நான்."

முதல் வருஷம் பூட்ஸுக்கு அளவு கொடுக்கக் காலை நேரத்தில் போனான். நாற்காலியில் உட்கார்ந்தபடி கொடுத்தான். கால் என்பது காலையில் ஒரு அளவு, மாலையில் ஒரு அளவு. நாள் முழுக்க நின்றால் வீங்கும், எழுந்து நின்றால் எடை இறங்கி நீளும். பூட்ஸ் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு நீளாது. அந்த வருஷம் கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்தது.

இரண்டாம் வருஷம் அதைவிட மோசம். எலும்பு கூடிவிட்டாலும், வலது பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலிலிருந்து கணுக்கால் வரை உணர்ச்சி திரும்பவேயில்லை. அங்கே முள் குத்தினாலும் அவனுக்குத் தெரியாது. ஆட்டம் முடிந்து சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான், பூட்ஸைக் கழற்றினான், காலுறை சிவப்பாக இருந்தது. புண் ஆற ஆறு வாரம் பிடித்தது. டாக்டர் அவனை விட்டுவிட்டு இவளைப் பார்த்துத்தான் பேசினார். "அதே இடத்துல இன்னொரு புண் வந்தா எலும்புக்கு இறங்கிடும்மா. அப்புறம் ஆட்டமும் கிடையாது, பிரேக்கை மிதிக்கவும் கால் கிடையாது."

இது மூன்றாம் வருஷம். ஆடாமல் விட்டால் மாதாவுக்குச் சொன்ன சொல் பாதியில் நிற்கும். ஆடிப் புண் வந்தால் மாதா திருப்பிக் கொடுத்த கால் போகும்.

நிக்கனோரா சந்தையில் பத்தொன்பது வருஷமாகக் காலுறை விற்கிறவள். தார்ப்பாய்க்குக் கீழே ஒரு மேசை, ஒரு முக்காலி. வருகிறவர்கள் முகத்தைவிட அவர்கள் காலைத்தான் அவளுக்கு நன்றாகத் தெரியும். கொப்புளம் எப்படி வருகிறது என்று கேட்டால் வியாபாரத்தை நிறுத்திவிட்டு விளக்குவாள். "உன் புறங்கையில விரலை வச்சு அழுத்து. அப்படியே இப்படி அப்படி நகர்த்து. தோல் விரலோட வருதா? உள்ள இருக்கிற எலும்பு வரலை பாரு. பூட்ஸுக்குள்ளயும் அதேதான். மேல்தோல் பூட்ஸைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும், எலும்பு ஆடிக்கிட்டே இருக்கும். நடுவுல இருக்கிற அடுக்கு எத்தனை நேரம் தாங்கும்? பிரிஞ்சுடும். பிரிஞ்ச இடத்துல தண்ணி கோத்துக்கும். ஈரத்தோல்னா இன்னும் மோசம், இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அதுக்குத்தான் ரெண்டு உறை போடுங்கறேன். உறையும் உறையும் வழுக்கிக்கட்டும், தோலை விட்டுடும்." இது ஏதோ இரண்டு ஜோடி விற்பதற்கான தந்திரம் என்று ஊரில் பாதிப் பேர் நினைத்தார்கள். அதில் அவள் புருஷனும் ஒருவன்.

இந்தத் தடவை அவளே அவனை மாலையில் இழுத்துக்கொண்டு போய், நிற்கவைத்து, இரண்டு உறையோடு அளவு கொடுக்க வைத்தாள். அடிபட்ட கால்தான் பெரியது, அதனால் அளவு அதற்கு. மற்றக் காலுக்கு உள்ளே ஒரு அட்டை வைத்துச் சரிக்கட்டினாள். ஒரு மாசமாக அவன் வீட்டுக்குள் தினமும் ஒரு மணி நேரம் பூட்ஸோடு நடந்தான். மொரெனாதாவில் முன்னோக்கி நடப்பது குறைவு. இடமும் வலமுமாகச் சாய்ந்து சாய்ந்துதான் போவது. எடை முழுக்கப் பாதத்தின் வெளி ஓரத்துக்குப் போகும், அதாவது செத்த இடத்துக்கு. அந்த ஓரத்தில் தோலை வளைத்து வளைத்துப் பழக்கி, ஒரு மாசத்தில் பூட்ஸை அவன் காலின் அச்சாகவே ஆக்கியிருந்தாள். அதைத்தான் நேற்று பீரில் முக்கி, ராத்திரி நெருப்பில் வாட்டியிருக்கிறான்.

"ஈரமா இருக்கேன்னுதான் அடுப்புகிட்ட வச்சேன்," என்றான் செனோபியோ. "அதுவும் தப்பா?"

"நனைஞ்ச தோலை நெருப்புகிட்ட வச்சா என்ன ஆகும்? உள்ள இருக்கிற எண்ணெயெல்லாம் போய் நாரும் நாரும் ஒட்டிக்கும். கருவாடு பார்த்திருக்கியா? அப்படி ஆயிடும். இப்ப என் புருஷன் கருவாட்டுக்குள்ள காலை விட்டு அஞ்சு மணி நேரம் ஆடப் போறான்."

"கஞ்சி..."

"வாயைத் திறந்தே, அந்தப் பூட்ஸ்ல ஊத்திக் குடுப்பேன்."

வரிசை கிளம்பப் பதினொன்றரை மணி. அவள் வேலையைத் தொடங்கினாள். முதலில் அடுப்பை அணைத்தாள். கரண்டிக் காம்பால் காகிதப் பொட்டுகளை ஒவ்வொன்றாகச் சுரண்டினாள். ஈரத்தில் ஊறிக் காய்ந்த காகிதம் மணல் தாளுக்குச் சமம். பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்தாள். அரை மணிக்கு ஒருமுறை நனைந்த தாளை எடுத்துவிட்டுப் புதிது திணித்தாள். ஆட்டுக்கொழுப்பை உள்ளங்கையில் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்து, இளகியதும் மொறமொறத்த பக்கத்தில் பூசினாள். பூசுவதும் வளைப்பதும், பூசுவதும் வளைப்பதுமாகப் பத்து மணி ஆயிற்று. தோல் முனகிக்கொண்டே மெல்ல இறங்கி வந்தது. பழைய பதம் இல்லை. ஆனால் கருவாடும் இல்லை.

"காலை நீட்டு."

நகத்தை அவள் நேற்றோ இன்றோ வெட்டவில்லை. நாலு நாளைக்கு முன்பே, ஓரங்களை வளைக்காமல் நேராக வெட்டிவிட்டாள். வளைத்து வெட்டினால் நகம் வளரும்போது சதைக்குள் குத்தும். இப்போது விரல் இடுக்கெல்லாம் துணியை விட்டுத் துடைத்தாள். வெளி ஓரத்தில் பிளாஸ்திரியை ஒட்டினாள். அதன் நாலு மூலையையும் கத்தரியால் வட்டமாக நறுக்கிவிட்டுத்தான் ஒட்டினாள். கூர்மூலைதான் முதலில் கிளம்பிச் சுருண்டுகொள்ளும். அதன் மேல் மெல்லிய நைலான் உறை, அதன் மேல் கம்பளி உறை.

"கல்யாணத்தன்னிக்குக்கூட எனக்கு இவ்வளவு ஜோடிப்பு இல்லை," என்றான் செனோபியோ.

"அன்னிக்கே காலைப் பார்த்திருந்தா கட்டியிருக்கவே மாட்டேன்."

ஊர்வலம் கிளம்பும் தெருவில் மொரெனாதா ஆடும் ஐம்பது மொரெனோக்கள் உடுத்திக்கொண்டிருந்தார்கள். நிக்கனோரா பூட்ஸுக்குள் கையை விட்டுக் கடைசியாக ஒருமுறை தடவினாள். கல் இல்லை, மடிப்பு இல்லை, பொட்டு இல்லை. போட்டுவிட்டு, குதிகால் பின்னால் பதியும்படி தரையில் இரண்டு தட்டுத் தட்டச் சொல்லி, கயிற்றை விரல் பக்கம் தளர்த்தி, கணுக்காலில் இறுக்கிக் கட்டினாள். குதிகால் உள்ளே மேலும் கீழும் போகாவிட்டால் பாதிச் சண்டை ஜெயித்த மாதிரி. பிறகு, வரிசையோடு கூடவே நடந்து தண்ணீர் கொடுப்பவர்களுக்கான மஞ்சள் மேல்சட்டையை வாங்கப் போனாள்.

அவள் திரும்புவதற்குள் அவனுக்குப் பீப்பாயை மாட்டிவிட்டிருந்தார்கள். மொரெனோவின் உடை அப்படித்தான். மூன்று அடுக்காக வளையம் வைத்துத் தைத்த, ஜரிகையும் கண்ணாடியும் பதித்த ஒரு பீப்பாய். ஒரு மூட்டை உருளைக்கிழங்கின் கனம். போட்டுக்கொண்டவனால் குனிய முடியாது, உட்கார முடியாது, தன் காலைத் தானே பார்க்கவும் முடியாது. கோயில் வாசல் வரைக்கும் பாதம் இரண்டும் அவனுக்கு வெளியூர்.

"கால் எப்படி இருக்கு?"

முழித்த கண்ணும் தொங்கும் நாக்குமாக இருந்த முகமூடிக்குள்ளிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல அவன் குரல் வந்தது. "இருக்கும்னுதான் நினைக்கிறேன்."

பித்தளை வாத்தியங்கள் முழங்கின. ஐம்பது கைக்கிலுக்கிகள் ஒரே நேரத்தில் கரகரவென்று சுழன்றன. வரிசை இடம் சாய்ந்தது, வலம் சாய்ந்தது.

நிக்கனோரா ஓரமாகவே நடந்தாள். பார்வையாளர்கள் நுரையைப் பீய்ச்சினார்கள், தண்ணீர் பலூனை எறிந்தார்கள். ஒவ்வொரு பலூன் உடையும்போதும் பூட்ஸுக்குள் தண்ணீர் இறங்கிவிடப் போகிறதே என்று பதறினாள். எல்லாரும் முகமூடியையும் கண்ணாடிப் பதிப்பையும் பார்த்துக் கைதட்ட, அவள் பீப்பாயின் அடி வளையத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போனாள். கால் தெரியாது, ஆனால் அடி வளையம் பொய் சொல்லாது. இரண்டு காலும் நன்றாக இருந்தால் வளையம் இரண்டு பக்கமும் ஒரே ஆழத்துக்கு இறங்கி ஏறும். ஒரு கால் பயந்தால், அந்தப் பக்கம் எடை முழுதாக விழாது.

மூன்றாவது மணி நேரத்தில், சந்தை முனை தாண்டியதும், செனோபியோவின் வளையம் வலது பக்கம் கொஞ்சம் முன்னதாகவே ஏற ஆரம்பித்தது.

தண்ணீர்ப் புட்டியோடு வரிசைக்குள் நுழைந்தாள்.

"வலது காலு?"

"அருமையா இருக்கு."

"பொய் சொன்னே, முகமூடியைக் கழட்டி அடிப்பேன்."

"கொஞ்சம் கதகதன்னு இருக்கு. அவ்வளவுதான்."

"செத்த இடத்துல எப்படிய்யா கதகதப்பு வரும்? அதைச் சுத்தி உயிரோட இருக்கிற தோல் கத்துதுய்யா!"

வரிசைத் தலைவர் ஹாஸிந்தோ கிலுக்கியை நிறுத்தாமலே திரும்பினார். "தங்கச்சி, வரிசை நிக்கக் கூடாது."

"நீங்க பேசாதீங்க. அந்தப் பூட்ஸ்ல இன்னும் உங்க பீர்தான் நாறுது."

நல்லவேளை, அடுத்த முனையில் முன்னால் போன குழு நின்றதால் இவர்களும் நிற்க வேண்டியதாயிற்று. சில சமயம் இரண்டு நிமிஷம், சில சமயம் இருபது. எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. செனோபியோவால் குனிய முடியாது, காலைத் தூக்கி நீட்டவும் முடியாது. நிக்கனோரா ஒரு நொடி யோசித்தாள். தன் தொப்பியைக் கழற்றி ஹாஸிந்தோ கையில் கொடுத்தாள். தெருவில் மண்டியிட்டு, பீப்பாயின் அடி வளையத்தைத் தூக்கி, உள்ளே நுழைந்துவிட்டாள்.

தெருவோரப் படிக்கட்டு இருக்கைகளில் இருந்தவர்கள் ஆரவாரித்தார்கள்.

"அக்கா, உள்ள ரூம் வாடகைக்குக் கிடைக்குமா?"

"அண்ணே, குழந்தை பிறந்தா சொல்லியனுப்பு!"

யாரோ அவள் பின்புறத்தில் நுரையைப் பீய்ச்சினார்கள். உள்ளே இருட்டு. பீரும் ஆட்டுக்கொழுப்பும் வியர்வையும் கலந்த நாற்றம். அவள் தடவித் தடவிக் கயிற்றை அவிழ்த்தாள்.

"என் தோளைப் பிடிச்சுக்க."

"உன் தோள் எங்க இருக்குன்னே தெரியலையே!"

"அப்ப ஹாஸிந்தோவைப் பிடிச்சுக்க. நேத்து பீர் ஊத்தறப்ப அவர்தானே உன்னைப் பிடிச்சிருந்தாரு."

பூட்ஸ் கழன்றது. அதோடு ஏதோ கடினமான ஒன்று அவள் மடியில் விழுந்தது. அதைப் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கிவிட்டு உறைகளை இறக்கினாள். அடி வளையத்துக்குக் கீழே வந்த வெளிச்சத்தில் காலைத் திருப்பிப் பார்த்தாள். கணுக்காலுக்குக் கீழே பிளாஸ்திரி நசுங்கியிருந்தது. அதன் ஓரத்தில் ஒரு நாணயம் அளவுக்குச் சிவப்பு. தோல் கிழியவில்லை. அவள் கட்டைவிரலால் அழுத்தினாள். வெளுத்தது. விட்டாள். சிவப்பு திரும்பி வந்தது. மூச்சு விட்டாள். அழுத்தினால் வெளுக்கிற சிவப்பு உயிரோடு இருக்கிறது, ரத்தம் ஓடுகிறது. வெளுக்காத சிவப்புதான் பயம். இன்னும் அரை மணி விட்டிருந்தால் அப்படி ஆகியிருக்கும்.

மடியில் விழுந்ததை அப்போதுதான் கையில் எடுத்தாள். தீப்பெட்டி அளவில், சுண்ணாம்புச் சாந்தில் செய்த ஒரு கடை. கூரை உண்டு, கதவு உண்டு, கதவில் நூலில் கோத்துத் தொங்கவிட்ட, நகக்கண் அளவு காலுறைகள் உண்டு. ஜனவரிச் சந்தையில் விற்கிற பொம்மை. இந்த வருஷம் எது வேண்டுமோ அதைச் சின்னதாக வாங்கி ஆசீர்வாதம் பண்ணி வைத்தால் பெரிதாக வந்து சேரும் என்று ஊரே வாங்கும்.

"யோவ்! இது என்னய்யா?"

மேலே அவன் கிலுக்கி ஒருமுறை கரகரத்தது. "கிடைச்சுடுச்சா? உனக்குத்தான். மாதா முன்னாடி வச்சு எடுக்கலாம்னு. தார்ப்பாய் இல்லாம, கூரை போட்ட கடை."

"இதை வைக்க உலகத்துல வேற இடமே இல்லையா?"

"இந்தப் பீப்பாய்ல பாக்கெட்டே இல்லையேடி. நீ மேல்சட்டை வாங்கப் போனப்ப பூட்ஸ் வாயில மேலாகத்தான் சொருகினேன். அதுவா இறங்கிடுச்சு."

"எனக்கு ஏப்ரன்ல நாலு பாக்கெட் இருக்கே! என்கிட்ட குடுத்துத் தொலைச்சிருக்கலாமே!"

"உன்கிட்ட குடுத்தா உனக்குத் தெரிஞ்சுடுமே."

பீப்பாய்க்குள் நிக்கனோரா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். கத்த வேண்டும் போல் இருந்தது, ஆனால் கத்தினால் படிக்கட்டுக்காரர்களுக்கு இன்னும் கொண்டாட்டமாகிவிடும். வலது காலின் வெளி ஓரம் என்று முப்பது நாள் தொண்டை கிழியச் சொன்னதை இவன் கேட்டிருக்கிறான். கேட்டுவிட்டு, வலிக்காத இடம் அதுதானே என்று அங்கேயே கொண்டுபோய்ச் சொருகியிருக்கிறான்.

எங்கோ பெருந்தம்பட்டம் ஒரு தட்டுத் தட்டியது.

"தங்கச்சி!" ஹாஸிந்தோவின் குரல். "நகரப் போறாங்க!"

பாக்கெட்டிலிருந்து உலர்ந்த உறைகளை எடுத்தாள். வியர்வையைத் துடைத்து, நசுங்கிய பிளாஸ்திரியை மெல்ல உரித்து, மூலை நறுக்கிய புதிய ஒன்றைச் சிவப்பைச் சுற்றி மடிப்பில்லாமல் ஒட்டினாள். நைலான், கம்பளி, பூட்ஸ். "தட்டு! குதிகாலைத் தட்டு!" அவன் தட்டினான். அவள் விரல் நசுங்காமல் தப்பியது பூமித்தாய் செயல். கயிற்றைக் கட்டி முடித்து அவள் நான்கு காலில் வெளியே வரவும், வாத்தியங்கள் முழங்கவும் சரியாக இருந்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இத்தனை வருஷத்தில் அந்த வரிசைக்கு அவ்வளவு கைதட்டல் கிடைத்ததில்லை. அவள் தொப்பியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, முன்போலவே அடி வளையத்தைப் பார்த்து நடந்தாள். இடம், வலம். இடம், வலம். இரண்டும் ஒரே ஆழம்.

சாயந்திரம் ஐந்து மணிக்குக் கோயில் வாசலில் பீப்பாய்களையும் முகமூடிகளையும் கழற்றினார்கள். அங்கிருந்து மாதாவின் பீடம் வரை முழங்காலில்தான் போக வேண்டும். அதற்கு முன் நிக்கனோரா அவனைப் படியில் உட்காரவைத்து, ஊர் பார்க்க, பூட்ஸைக் கழற்றிப் பார்த்தாள். சிவப்பு பாதியாகக் குறைந்திருந்தது. பாதத்தை இரண்டு கையாலும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "போ," என்றாள்.

அவள் பக்கத்தில் நடக்க, அவன் முழங்காலால் நகர்ந்தான். பீடத்தின் முன்னால் இரண்டு பேரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மூன்று வருஷம் முடிந்தது. நிக்கனோராவின் தோளிலிருந்து எதுவோ இறங்கியது போல் இருந்தது. அவன் கை நீட்டினான். அவள் பாக்கெட்டிலிருந்து சுண்ணாம்புக் கடையை எடுத்துக் கொடுத்தாள். அதன் கூரையில் ஒரு மூலை தேய்ந்திருந்தது. அவன் அதை உயர்த்திப் பிடித்தான். கண் கலங்கியிருந்தது. பக்கத்தில் ஹாஸிந்தோவும் வரிசையும் கேட்க, உரத்த குரலில் சொன்னான்:

"தாயே, இவளுக்கு இந்தக் கடை பெருசா வந்தா, இன்னும் மூணு வருஷம் ஆடறேன்!"

அவன் வாயைப் பொத்த அவள் கை போவதற்குள் சொல்லி முடித்துவிட்டான். வரிசை கைதட்டியது. ஹாஸிந்தோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"யாரைக் கேட்டு நேர்ந்தே?" நிக்கனோரா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"நாலு வருஷம் முன்னாடி நீ யாரைக் கேட்டே?" செனோபியோ கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "இந்தத் தடவை நேர்ந்துக்கிட்டவன் நான். பார்த்துக்கறவ நீ."

மாதாவுக்கு எதிரில் இருந்ததால் அவள் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. கீழே பார்த்தாள். வாசலிலிருந்து பீடம் வரை கல்தரையில் இழுத்ததில் கால்சட்டை கிழிந்து, இரண்டு முழங்காலும் தோல் உரிந்து தக்காளி போல இருந்தன. ஏப்ரனின் நாலு பாக்கெட்டிலும் தேடினாள். உறை இருந்தது, கத்தரி இருந்தது, பாதத்துக்கு அளவாக நறுக்கின பிளாஸ்திரி இருந்தது. முழங்காலுக்கு அவள் ஒன்றுமே கொண்டுவரவில்லை.

"பூட்ஸ் ரெண்டையும் இப்பவே என் கையில குடு," என்றாள். "இனிமே அது ஹாஸிந்தோ வீட்டுத் தெருப்பக்கம்கூடப் போகக் கூடாது."